4,800ஐத் தாண்டாத எஞ்சின்

கனடாவின் சிம்கோ ஏரியில் பனி உருகி ஐந்தாறு வாரம்தான் ஆகியிருந்தது. மே மாதத்துச் சனிக்கிழமைக் காலை. முந்தைய நாள் வாங்கி வந்த பழைய ஜெட் ஸ்கீயில் அமர்ந்து, த்ரொட்டில் விசையைக் கைப்பிடியோடு ஒட்ட அழுத்திப் பிடித்திருந்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் சுற்றுமானியின் முள் விறுவிறுவென்று ஏறி 4,800இல் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு கோடுகூட நகரவில்லை. தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸில் வேகம் மணிக்கு 43 கிலோமீற்றர். இந்த எஞ்சின் முழு விசையில் 6,800 சுற்றுக்கு அருகே போக வேண்டும் என்கிறது கையேடு. வேகமும் எழுபதைத் தாண்ட வேண்டும்.

எஞ்சின் இருமவில்லை, நடுங்கவில்லை, புகை கக்கவில்லை. மெல்ல ஓட்டும்போது பூனைபோல ஓடியது. ஏறவேண்டிய இடத்தில் மட்டும் ஏறவில்லை. நின்றுபோன எஞ்சினில் தேடுவதற்கு ஓர் இடமாவது இருக்கும். சக்தி குறைந்த எஞ்சின், ஓடிக்கொண்டே எதையோ மறைத்துக்கொண்டிருக்கும்.

ஸ்காபறோவில் ஒருவரிடம் வாங்கியது அது. 1990களின் பிற்பகுதியில் வந்த வண்டி; இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபுரேற்றர் இரண்டு. விற்றவர் தன் வீட்டு வாசலில் ட்ரெயிலரில் வைத்தபடியே தோட்டக் குழாயைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விசையைத் தொட்டதும் எஞ்சின் சீறிப் பாய்ந்தது. “காபுரேற்றரைப் போன மாதம்தான் சுத்தம் செய்தேன்” என்றார். நான் நம்பிக் காசைக் கொடுத்தேன்.

வாசலில் ஓடும் எஞ்சினுக்குச் சுமை இல்லை என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. ஜெட் ஸ்கீயில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றாடி கிடையாது. வயிற்றுப் பகுதியில் ஒரு குழாய், அதற்குள் இம்பெல்லர். அது அடியிலிருந்து ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சும். அந்தத் தண்ணீரைத் தள்ளுவதுதான் எஞ்சினின் முழு வேலை. தரையில் இம்பெல்லர் வெறும் காற்றில் சுழல்கிறது. பாதிச் சக்தி போன எஞ்சின்கூட அங்கே சீறும். ஆகவே பழைய ஜெட் ஸ்கீ வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தோட்டக் குழாயில் ஓட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் எஞ்சினை இயக்க வேண்டும், அதன்பிறகே குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடிவிட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் குளிரூட்டும் தண்ணீர் புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டவும் கூடாது.

அன்று கரையில் என் சித்தப்பா நின்றிருந்தார். எழுபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்து, பதினாறு வயதிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். 1990இல் போரால் ஊர் முழுவதும் எழும்ப வேண்டி வந்தபோது அவர் விட்டுவந்தவற்றில் ஒரு கண்ணாடியிழைப் படகும் அதன் வெளியிணைப்பு இயந்திரமும் அடக்கம். பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரம் அது. கடலுக்கு நடுவில், இருட்டில், கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு காபுரேற்றரைக் கழற்றிப் பூட்டியவர் சித்தப்பா. அவருடைய காதை நான் மதிக்கிறேன்.

“வளையம் தேய்ந்துவிட்டது, தம்பி” என்றார். “பிஸ்டன் வளையம். அழுத்தம் நிற்கவில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும்.”

அந்தச் சொல்லின் விலை எனக்குத் தெரியும். எஞ்சினை இறக்கி, பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போடுவதென்றால் நான் கொடுத்த காசுக்கு மேலே போய்விடும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தேன். பதினைந்து வயது மகள் ஒரு கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் திகதியையும் 4,800 என்ற எண்ணையும் எழுதினாள். கனடாவில் பதினாறு வயது ஆகாதவர் ஜெட் ஸ்கீயை ஓட்டச் சட்டம் இடம் தராது. ஓட்ட முடியாதவளுக்கு எண்களாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள் போலும். அந்தக் கொப்பியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதற்கேள்வி ஒன்று இருக்கிறது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். வேகம் மட்டும் குறைகிறதா, சுற்றும் சேர்ந்து குறைகிறதா? எஞ்சின் முழுச் சுற்றுக்கு, ஏன் அதற்கு மேலும், ஏறிப் போய் வண்டி மட்டும் முன்னே பாயவில்லையென்றால் எஞ்சின் குற்றவாளி அல்ல. பின்னால் உள்ள பம்ப் தண்ணீரைப் பிடிக்கவில்லை என்று பொருள். இம்பெல்லரின் விளிம்பு மடிந்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையம் தேய்ந்திருக்கலாம். உறிஞ்சும் வாயில் களை சிக்கியிருக்கலாம். சுற்றே ஏறவில்லையென்றால் குறை பெரும்பாலும் எஞ்சினில். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இம்பெல்லருக்கும் தீப்பொறி தரும் பிளக்குக்கும் மாறிமாறிப் பணம் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். இதற்கு வண்டியின் வேகமானியை நம்ப வேண்டாம். அது பல வேளை தாராளமாகவே காட்டும். ஜிபிஎஸ் போதும்.

என்னுடையதில் இரண்டுமே குறைவு. இருந்தாலும் பம்பை ஒருமுறை பார்த்தேன். சிம்கோவிலும் ஸ்கூகொக் ஏரியிலும் களை அதிகம். தூண்டில் நரம்பும் அதிகம். இம்பெல்லர் தண்டில் நரம்பு சுற்றியிருந்தது. வெட்டி எடுத்தேன். இம்பெல்லருக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி மானியைச் செருகிச் சுற்றிவரப் பார்த்ததில் 0.4 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றரை நெருங்கியிருந்தால் வளையத்தை மாற்றியிருப்பேன். பம்ப் நலம்.

அடுத்தது காசு செலவில்லாத சோதனை. எஞ்சினை நிறுத்தி, காற்று உள்ளே போகும் இடத்தில் உள்ள தீத்தடுப்பு வலையைக் கழற்றி, மகளை த்ரொட்டிலை முழுவதும் அழுத்தச் சொல்லிவிட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தேன். காபுரேற்றரின் கதவுகள் இரண்டும் படுக்கை வசமாக முழுவதும் திறக்க வேண்டும். கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருந்தால் கை முழுவதும் அழுத்தினாலும் கதவு முக்கால்தான் திறக்கும். ஒரு திருகாணியில் முடிகிற வேலை. என்னுடையதில் கதவுகள் முழுவதும் திறந்தன.

பிறகு சித்தப்பாவின் வளையம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மானியை இரவல் வாங்கினேன். முறையாகச் செய்யாவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும். எஞ்சின் சற்றுச் சூடாக இருக்க வேண்டும். பற்றரி முழுவதும் ஏறியிருக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சினின் உலோகத்தில் தொடுத்து வைக்க வேண்டும். த்ரொட்டிலை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். முள் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டும். முன் சிலிண்டர் 148 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). பின் சிலிண்டர் 145. இத்தகைய எஞ்சினுக்கு 150ஐ ஒட்டிய அழுத்தம் ஆரோக்கியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். 120க்குக் கீழே போயிருந்தால் சித்தப்பா சொன்னதுதான் நடந்திருக்கும்.

கொப்பியில் மகள் எழுதிய எண்களை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். “அப்படியென்றால் வளையம் இல்லை” என்றார். நாற்பது வருட அனுபவம் தன் ஊகத்தை ஓர் எண்ணுக்காக அந்தக் கணமே கைவிட்டது. பழுது பார்ப்பதில் நான் அதைவிடப் பெரிய திறமையைக் கண்டதில்லை.

அழுத்தம் நன்றாக இருக்கிறது. இனி மிச்சம் தீப்பொறியும் எரிபொருளும். பிளக்குகளை மேசையில் அருகருகே வைத்தபோதுதான் முதல் தடயம் கிடைத்தது. முன் பிளக்கின் முனை தேநீர்ச் சாயம்போலப் பழுப்பு. பின் பிளக்கின் முனை எலும்புபோல வெளிறிக் காய்ந்திருந்தது. தீப்பொறி தவறியிருந்தால் எரியாத பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்து பிளக் நனைந்து கறுத்திருக்கும். வெளிறிய பிளக் வேறு செய்தி சொல்கிறது: தீ எரிகிறது, எரிவதற்குப் பெற்றோல் போதவில்லை. காற்று அதிகம், எரிபொருள் குறைவு. அந்தச் சிலிண்டர் அளவுக்கு மேல் சூடாகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் உராய்வைத் தணிக்கும் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே உள்ளே போகிறது. உள்ளே வரும் அந்தக் கலவைதான் பிஸ்டனைக் குளிர்விப்பதிலும் பங்கெடுக்கிறது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். முழு விசையில் அப்படியே ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளை விழும், அல்லது சுவரில் உரசி இறுகிவிடும். “கொஞ்சம் ஓட்டினால் அடைப்பு தானாக விட்டுவிடும்” என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எஞ்சின் முழுச் சக்தி தர மறுக்கிறது என்றால் அது உங்களிடம் பேசுகிறது. மேலும், மே மாதத்து ஏரித் தண்ணீர் கைகால்களை நிமிடக் கணக்கில் மரக்கச் செய்துவிடும். நடு ஏரியில் எஞ்சின் இறுகினால் பிரச்சினை பணத்தோடு நிற்காது. எல்லாச் சோதனை ஓட்டமும் கரையை ஒட்டியே, உயிர்க்காப்பு அங்கியோடும் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும், மணிக்கட்டில் கட்டிய நிறுத்து கயிற்றோடும்தான் செய்தோம்.

அடுத்த சோதனை சித்தப்பா சொன்னது. “முழு விசையில் போகும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்.” சோக் காற்றைக் குறைத்துப் பெற்றோலின் பங்கைக் கூட்டும். நலமான எஞ்சினில் அப்படி இழுத்தால் மூச்சு முட்டி வேகம் விழும். பசித்த எஞ்சின் அதையே உணவாக எடுத்துக்கொள்ளும். மூன்று விநாடி மட்டும் இழுத்தேன். முள் 4,800இலிருந்து 5,400க்குப் பாய்ந்தது. கரையில் நின்றவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

மெதுவாக ஓடும்போது ஏன் ஒரு குறையும் தெரியவில்லை என்று மகள் கேட்டாள். எங்கள் ஊர்க் கிணற்றை வைத்துச் சொன்னேன். துலாவில் வாளி வாளியாக அள்ளினால் நாள் முழுவதும் அதே மட்டம் நிற்கும். ஊற்று அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். அதே கிணற்றில் இயந்திரத்தை வைத்துப் புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்தால் ஒரு மணி நேரத்தில் அடி தெரியும். கிணறு ஒன்றுதான், ஊற்றின் வேகம்தான் போதவில்லை. எஞ்சினும் மெல்ல ஓடும்போது வாளியில் அள்ளுகிறது. முழு விசையில் இறைக்கிறது. எங்கேயோ ஊற்றுக்கண் அடைத்திருக்கிறது.

ஊற்றுக்கண்ணைத் தேடிப் பெற்றோல் தாங்கியிலிருந்து புறப்பட்டோம். தாங்கியின் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினால் சுற்று ஏறுகிறதா? ஏறினால் காற்றுத்துளை அடைத்து, தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். ஏறவில்லை. தாங்கிக்குப் பிறகு பெற்றோல் திறப்பு (பெற்றோலைத் திறந்து மூடும் வால்வு), அதன்பின் வடிகட்டி, பிறகு காபுரேற்றர். வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் சில துளி தண்ணீர் கிடந்தது. ஒன்ராறியோவின் சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுத்துச் சேர்க்கும், பழைய ரப்பரையும் பாழாக்கும். பார்வைக்கு நல்லதாகவே இருந்த சாம்பல் நிறப் பெற்றோல் குழாயில் ஓரங்குலத்தை வெட்டி நீளவாக்கில் பிளந்தேன். உள்சுவர் முழுவதும் பச்சை நிறத்தில் பிசுபிசுத்த படலம். விரலால் தொட்டால் பாகுபோல ஒட்டியது.

அந்தக் காலத்து ஜெட் ஸ்கீகளில் இப்படியான சாம்பல் குழாய்கள் உள்ளிருந்து கரைந்துபோவது பழுது பார்ப்பவர்களிடையே நன்றாக அறியப்பட்ட விஷயம். கரைந்தது எங்கே போகிறது? காபுரேற்றரின் உடலுக்குள், கழற்றினால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வலை இருக்கிறது. முன் காபுரேற்றரின் வலை பாதி திறந்திருந்தது. பின் காபுரேற்றரின் வலை பச்சை மெழுகு பூசியதுபோல மூடியிருந்தது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது. பின் சிலிண்டர் அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை நாள் குடித்துக்கொண்டிருந்தது. விற்றவர் செய்த “சுத்தம்” காபுரேற்றரின் வாயில் மருந்து தெளித்ததோடு முடிந்திருக்க வேண்டும். வலைவரைக்கும் அது போகாது.

அத்தோடு நின்றுவிடாமல், காற்றுக் கசிவு இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். பிளக்கை வெளிறச் செய்ய இன்னொரு வழி உண்டு: காபுரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் காஸ்கெற் கிழிந்தாலோ, சுழல்தண்டின் கசிவுத்தடுப்பு வளையம் தேய்ந்தாலோ, கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எத்தனை காபுரேற்றர் மாற்றினாலும் அது தீராது. எஞ்சினின் வாயையும் புகைவழியையும் அடைத்து, கைப்பம்பால் சிறிதளவு காற்றை ஏற்றி, முள் விழுகிறதா என்று பார்த்தோம். விழவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போனது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு புதுப் பிஸ்டனையும் எரிக்கிறார்கள்.

வேலை எளியதுதான், பொறுமை மட்டும் வேண்டும். சாம்பல் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எதனோலைத் தாங்கும் கறுப்புக் குழாய் போட்டேன். பெற்றோல் திறப்பைப் புதிதாக வாங்கினேன். பழையதன் துவாரங்களிலும் அதே பச்சை. தாங்கியிலிருந்த பெற்றோலை வடித்தேன். இரண்டு காபுரேற்றருக்கும் முழுப் பழுதுபார்ப்புப் பொதி: விறைத்துப்போன சவ்வுகளுக்குப் பதில் புதியவை, பெற்றோலை உள்ளே விடும் ஊசி, அது அமரும் இருக்கை, வலை. இந்த எஞ்சினில் பெற்றோலை இழுப்பது மின்பம்ப் அல்ல. எஞ்சினின் அடிவயிற்றில் மாறிமாறி ஏற்படும் அழுத்தத்தை ஒரு சிறு குழாய் கொண்டுவந்து ஒரு சவ்வை ஆட்டும்; அந்த ஆட்டமே பம்ப். சவ்வு விறைத்தால் இழுவை குறையும். அந்தச் சிறு குழாயில் வெடிப்பு விழுந்தாலும் அதே. பின்பு, ஊசி கையேடு சொன்ன அழுத்தத்தில் திறக்கிறதா, அதற்குக் கீழே கசியாமல் நிற்கிறதா என்று மானியால் பார்த்தேன்.

மூடுவதற்கு முன் ஒரு சொல். ஜெட் ஸ்கீயின் எஞ்சின் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெற்றோல் குழாயைக் கழற்றிப் பூட்டிய பிறகு இருக்கையைத் திறந்துவைத்து, ஆவி முழுவதும் போனபிறகே சாவியைத் தொடுங்கள். உள்ளே தேங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் கதை வேறு. அங்கே கணினி இருக்கிறது. சூடு கூடினாலோ ஓர் உணரி பழுதானாலோ அதுவே எஞ்சினைக் கட்டுப்படுத்தி மெதுவாக்கிவிடும். முதலில் பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் உள்ளவற்றில் அதன் பிடிப்பு வழுக்கினால் சுற்று சில நூறு குறைந்து நிற்கும். என் மைத்துனர் வாங்கிய வண்டி மணிக்கு 55 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. பிளக் மாற்றினார், எண்ணெய் மாற்றினார். கடைசியில் பார்த்தால், விற்றவர் கொடுத்தது பழகுநர் சாவி. பயில்பவர்களுக்காக வேகத்தை மட்டுப்படுத்தும் சாவி அது. வேறு சாவியைப் பதிவு செய்ததும் வண்டி சரியானது. சாவியைக்கூடச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் ஏரிக்குத் திரும்பினோம். முதல் இருபது நிமிடம் விசையை முழுவதும் அழுத்தவில்லை. பிறகு கரைக்கு இணையாக வண்டியைத் திருப்பி, மெல்ல மெல்லத் திறந்தேன். 4,800ஐ முள் கடந்தபோது அதைக் கவனிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. மூக்கு சற்று எழும்பி, பிறகு தண்ணீரில் தட்டையாகப் படுத்து, வண்டி எனக்குக் கீழிருந்து ஓடியது. அப்படியே முழு விசையில் எஞ்சினை நிறுத்தினேன். பிளக்கின் உண்மையான நிறம் அப்போதுதான் பதியும். மெதுவாக ஓட்டிக் கரைக்கு வந்தால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும். சித்தப்பா தெரிந்தவரின் படகில் வந்து கயிறு கட்டி என்னை இழுத்துப் போனார். வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் மகள் பிளக்குகளைத் தானே கழற்றினாள். கொப்பியில் அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது:

சுற்று 6,720. வேகம் 74. முன் பிளக் பழுப்பு. பின் பிளக் பழுப்பு. சித்தப்பா தாத்தா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். எனக்குப் பதினாறு வயதாக இன்னும் பதினொரு மாதம்.